போர்வை போட்ட டிஸ்க்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேடையில மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

ஹால்ல ஓடுற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தொடாதீங்க. அது ஏதோ ஆபீஸ் சர்வர்ல இருந்து கழட்டின பழசு. அதுல தகவல் எழுதுற ஒவ்வொரு பிளாக்கும் 520 பைட். நம்ம கம்ப்யூட்டர் 512 இருந்தாதான் ஒத்துக்கும். அந்த எட்டு பைட்டுக்காகத்தான் டிஸ்க் முழுக்க புதுசா ஃபார்மட் பண்ற இந்தப் பாடு. சாயங்காலம் வரைக்கும் ஓடும். நடுவுல நின்னா மறுபடி முதல்ல இருந்துதான்.

நேத்து மத்தியானம் நீங்க அதுமேல போர்வையைப் போட்டு மூடினதுல சூடேறி, தொண்ணூறு சதவீதத்துல நின்னுபோச்சு. "அறிவிருக்கா"ன்னு கத்திட்டேன். டிஸ்க் ஓடுற இரைச்சல்ல என் மத்தியானத் தூக்கம் கெடக்கூடாதுன்னு மூடினீங்கன்னு இன்னைக்குப் பல் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைச்சுது.

போர்வையைத் துவைச்சு மடிச்சு கட்டில்ல வச்சிருக்கேன். டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் வச்சிருக்கேன், திருப்பிடாதீங்க.

பி.கு. ரொம்பப் புழுக்கமா இருந்தா ஃபேனை உங்க பக்கம் திருப்பிக்கோங்க. டிஸ்க் நின்னா நிக்கட்டும், நாளைக்கு முதல்ல இருந்து போட்டுக்கறேன்.