இனிஷியல் சேர்த்தால் எட்டு

3.9.2024, செவ்வாய்

திருச்சுழிப் பக்கம் தூறல் விழுந்ததாம். அதை நம்பி நாலு பேர் உரக்கடைக்கு வந்து மக்காச்சோள விதை கேட்டார்கள். "அவசரப்படாதீக, இன்னொரு மழை பெய்யட்டும்" என்று முதலாளி ஜமால் மைதீன் பாய் திருப்பி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ரெட்டியபட்டி வந்து இறங்கினால் அம்மா காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் பேர் எண் பார்க்கிறவரிடம் போக வேண்டுமாம். சித்திரையில் எங்கள் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே உயிரில்லாமல் பிறந்ததற்கு ஜெகதீஸ்வரியின் பெயர்தான் காரணம் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். ஜெகதி அடுப்படியில்தான் நின்றாள். பெண்டாட்டி காதுபட இந்தப் பேச்சு.

8.9.2024, ஞாயிறு

த்தூ. வேறு வார்த்தை வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் ரூம். ஊதுபத்தியும் பழைய பிரியாணியும் கலந்த வாடை. எட்டு ஆகாது என்கிறவன் எட்டாம் தேதியில் கடை விரித்திருக்கிறான். ஜெகதியின் பெயரை இங்கிலீஷில் எழுதி, எழுத்துக்கு ஒரு நம்பர் போட்டு, முன்னால் என் இனிஷியலையும் சேர்த்துக் கூட்டினான். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு.

"எட்டு சனியோட நம்பரும்மா. இந்தப் பேர வச்சுக்கிட்டு வயித்துல எது தங்கும்?" அவளை எதிரில் வைத்துக்கொண்டே, பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்.

எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே, உக்காரு. அவுக சொல்றதக் கேளு." உட்கார்ந்துவிட்டேன் — அதுதான் இப்போது குமட்டுகிறது.

புதுப் பெயர் ஸ்ரீநிதி. கூட்டினால் ஆறு வருமாம், சுக்கிரனாம். தினமும் காலையில் குளித்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து நூற்றெட்டு தடவை நோட்டில் எழுத வேண்டும். எல்லாரும் வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

9.9.2024

எழுத ஆரம்பித்துவிட்டாள். "ஸ்ரீநிதி, ஆட்டுக்குத் தண்ணி வச்சியா?" என்கிறாள் அம்மா. யார் வீட்டுப் பெண்ணையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. கருமம்.

12.9.2024, வியாழன்

கடையில் ஆள் இல்லை. லாட்ஜில் எண் பார்த்தவன் கொடுத்த எழுத்து-நம்பர் அட்டையை வைத்து நானே கூட்டினேன். நம்பாதவன் எதற்குக் கூட்ட வேண்டும்? கூட்டினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு அவள் அப்பா மாரிச்சாமியின் எம். அதைச் சேர்த்தால் நாற்பத்தாறு. நாலும் ஆறும் பத்து, பத்து என்றால் ஒன்று. சூரியன், பேர் விளங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எம்-ஐ எடுத்துவிட்டுக் காளிராஜ் என்கிற என் பெயரின் கே-யைப் போட்டதும் எட்டு.

அப்படியானால் சனி யார்?

மூன்று தடவை கூட்டினேன். அதே எட்டு. காகிதத்தைக் கிழித்து யூரியா மூட்டைக்குப் பின்னால் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. பழி அவள் தலையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேனா? ச்சீ. அந்த லாட்ஜ்காரனுக்கு நான் எந்த விதத்தில் மேல்?

13.9.2024

சொல்லவில்லை.

15.9.2024, ஞாயிறு

காரியாபட்டியில் தங்கச்சி தங்கலட்சுமிக்கு வளைகாப்பு. ஜெகதி பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, வாசல்வரை வந்துவிட்டாள். அம்மா அங்கே வைத்துச் சொல்கிறாள்: "நீ வர வேணாம்மா ஸ்ரீநிதி. எட்டு இன்னும் எறங்கல. வளவி போடுற எடம்."

கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். "அவ பேரு ஒண்ணும்மா! சூரியன்! எங்கிட்ட வந்த பெறகுதான் எட்டு. அந்தச் சனியன் புடிச்ச எழுத்து என்னோடது. பேர நான் மாத்துறேன். நூத்தெட்டு தடவ நான் எழுதுறேன்."

அம்மா அசையவில்லை. "ஆம்பளைக்கு என்னடா எண்ணு? போயி வண்டிய எடு."

எடுக்கவில்லை. அம்மா பஸ்ஸில் போனாள்.

உள்ளே ஜெகதி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். "இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வியாழக்கெழம."

சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போனாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். நாலு அறை அறைந்திருக்கலாம்.

16.9.2024

இன்றைக்கும் எழுதினாள். இவ்வளவுக்குப் பிறகுமா! பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனதும் நோட்டைத் தூக்கினேன், அடுப்பில் போடத்தான்.

முதல் நாள் பக்கங்களில் ஸ்ரீநிதி, இங்கிலீஷில். இரண்டாம் நாளிலிருந்து தமிழ். தேன்மொழி. தேன்மொழி. தேன்மொழி. நாள் தவறாமல் நூற்றெட்டு.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்துத் திரும்பும்போது, முன்னால் போன ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் எழுதியிருந்த பெயர். "பொட்டப்புள்ளைன்னா இதையே வச்சிருவோம்" என்று சொன்னவன் நான். சொன்னதையே மறந்துபோனேன். பெண் பிள்ளைதான் பிறந்தது. துணியில் சுற்றிக்கொண்டுபோய்ப் புஞ்சை ஓரத்தில் புதைத்தவனும் நான்தான். பேர் வைக்காத பிள்ளை, தாய் பார்க்கக் கூடாது என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். அவளுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. என்ன மனுசன் நான்?

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

29.9.2024

நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டு ஒன்றும் பேனா இரண்டும் வாங்கிவந்தேன்.

"அவ எழுதுறதுக்கு ரெண்டு பேனா எதுக்குடா?" என்றாள் அம்மா.

"எனக்கு ஒண்ணு."

"இப்பத்தான் வழிக்கு வந்திருக்க" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இருந்துவிட்டுப் போகட்டும்.

30.9.2024

இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். ஆளுக்கு ஐம்பத்து நாலு. தேன்மொழிக்கு என்ன எண் வருகிறது என்று நான் கூட்டவில்லை.

எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "அந்த எடத்தக் காட்டுறீகளா?"

கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன்.