சீசாவில் ஒட்டிய மீசை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம்,
1906 ஜூலை

பினாங்கில் இருக்கும் என் புருஷர் ஏனோக் அவர்களுக்கு, பாக்கியவதி எழுதியது. கர்த்தர் கிருபையால் நானும் குழந்தை டெய்சியும் சுகம். உங்கள் சுகத்தை வேறு யாரிடம் கேட்பது? உங்களையே கேட்கிறேன். போன கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்கு முந்தினதற்கும் இல்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இப்போது வந்திருக்கிற தலைவலி வேறே.

உங்கள் முகம் உங்களுடையது இல்லையாம். கேட்டீர்களா அநியாயத்தை! நம் கல்யாணத்தன்று பெங்களூர்ப் படக்காரர் ஒருவர் வந்து நம்மைப் படம் பிடித்தாரே, அவர் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். என் தைலச் சீசாவில் ஒட்டுகிற படம் அவர் சொத்தாம். அவரைக் கேட்காமல் அச்சடித்தது குற்றமாம். லேபிளை எல்லாம் கொளுத்திவிட்டு அச்சுக்கட்டையை ஒப்படைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கோர்ட்டாம். ராபர்ட்சன்பேட்டை கடையில் சீசாவைப் பார்த்தாராம், மனுஷன்.

எனக்கென்ன உங்கள் முகத்தை ஒட்ட வேண்டுமென்று ஆசையா? தைலம் காய்ச்சுவது அன்றைக்கும் நான்தான், இன்றைக்கும் நான்தான்; பேர் மட்டும் ஏனோக் தைலம். ஆனால் நீங்கள் கப்பலேறினதும், ஷிப்ட் முடிந்து முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவனெல்லாம், ஏனோக்கே ஊரில் இல்லை, இது இன்னா தைலம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த ஆத்திரத்தில்தான் கல்யாணப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, உங்கள் தலையை மட்டும் கட்டையில் செதுக்க வைத்து, அச்சடித்து ஒட்டினேன். அப்புறம் பார்க்க வேண்டுமே! எழுத்துத் தெரியாதவன்கூட மீசைக்காரர் தைலம் கொடு என்று வந்து நிற்கிறான். மீசையா அடுப்பில் நின்று கிளறியது?

சரி, பேசித் தீர்க்கலாம் என்று தம்பி டேவிட்டைக் கூட்டிக்கொண்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு, ரயிலேறி அந்த வக்கீலிடமே போனேன். படம் எடுக்கச் சொல்லிக் கூலி கொடுத்தவர் நேரில் வந்து, இது நான் எடுக்கச் சொன்ன படம் என்று சொன்னால் வழக்கே நிற்காதாம். இதோ பக்கத்தில் நிற்கிறவள் நான்தானே, நான் சொல்கிறேன் என்று விரலை வைத்துக் காட்டினேன். நீங்கள் சொன்னால் செல்லாது அம்மா, புருஷர்தான் வரவேண்டும் என்றார். எங்கே இருக்கிறார் என்றார். பினாங்கு என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாரே ஒரு கேள்வி! இருக்கிறார் என்று சொன்னேன். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரயிலில் டேவிட் சுலபமாக ஒரு வழி சொன்னான். மாமா முகம் எதுக்கு அக்கா, உன் முகத்தையே போடு, தைலத்தின் குணம் இப்போது ஊருக்கே தெரியும், யார் படம் இருந்தாலும் வாங்குவார்கள் என்றான். அவன் சொல்வது சரிதான். வியாபாரம் படுத்துவிடும் என்று எனக்குப் பயமே இல்லை.

ஆனால் உங்கள் மீசை சீசாவில் ஏறின நாளிலிருந்து, நீங்கள் எப்போது வருவீர்கள் என்று இங்கே ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. உன் வீட்டுக்காரர்தான் வீட்டுக்கு வீடு இருக்கிறாரே என்று கோயிலில் லூயிசா அக்கா கிண்டல் செய்வாள், நானும் சிரிப்பேன். நாளைக்கு என் முகத்தை ஒட்டினால் ஏன் மாற்றினாய் என்பார்கள். நோட்டீஸ் வந்தது என்றால் எவள் நம்புவாள்? நீங்கள் போகும்போது தொட்டிலில் கிடந்த டெய்சிக்கு அப்பா என்றால் அந்தச் சீசாதான். அதைக் கிழித்துவிட்டு அவளுக்கு நான் இன்னா சொல்வது?

ஆகையால் கிறிஸ்துமஸுக்குள் வந்து அந்த வக்கீல் முன்னால் நின்று, இது என் முகம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுபடி கப்பலேறுவதானாலும் ஏறுங்கள், நான் மறிக்கமாட்டேன். மீசையை எடுத்திருந்தால் வளர்த்துக்கொண்டு வாருங்கள்.

கடலிலும் கரையிலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக. இருக்கிறார் என்று வக்கீலிடம் நான் சொல்லிவிட்டு வந்தது பொய்யாகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
படத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கிற
பாக்கியவதி