ஏரிக்கரை எந்திரத்தின் நிற்கும் விதி

நாடு நலம் பெறுக. நீர்மலை நாடுடைய பெருமானடிகள் திருவுளப்படி, தலையமைச்சன் மாறங்காரி எழுதுவித்த ஓலை. பேரேரிக் கரைப்பணிக்குத் தலைவராய் நிற்கும் படைத்தலைவர் கொற்றங்கீரனார் காண்க. நும் கோட்டமும் குடிகளும் நோயின்றி வாழ்க.

கல் சுமக்கும் எந்திரத்தை, அதனுள் அமைந்த நிற்கும் விதியை நீக்கி விரைந்து அனுப்புமாறு நீர் விடுத்த ஓலை கண்டோம். மழைக்கு நாற்பது நாளே உள்ளது என்பதும், அவ்விதியால் வேகம் பாதியாகிறது என்பதும் மெய்யே. ஆயினும் இங்கு நடந்ததை நீர் அறிதல் வேண்டும்.

அரசவைக் கல்விச்சாலையில் பேராய்வுப் பட்டத்தின் பொருட்டு அவ்வெந்திரத்தின் நடையை ஏழாண்டாக ஆராய்பவள் வெண்கோதை என்னும் நங்கை. ஒவ்வோர் அடிக்கு முன்னும், எதிரே யாரேனும் வந்தால் இடியாது நின்றுவிட இயலுமா என்று எந்திரம் கணிக்கும். இயலாதெனில் அவ்வடியை வையாது. இதுவே அவள் அமைத்த விதி. நும்மைப் போலவே யானும் வேகம் வேண்டி, அதனை நீக்குமாறு ஆணையிட்டேன். அவள் எந்திரம் நின்ற இடத்துக்குச் சென்றாள். நீக்கிவிட்டாள் என்றே எண்ணினேன்.

மறுநாள் மன்னர் முன்னிலையில் எந்திரம் கல்லேந்தி நடந்தது. கல்லின் பருமனைக் காட்ட நெருங்கிய யான், ஈரமண்ணில் கால் வழுக்கி அதன் முன் வீழ்ந்தேன். என் தலைக்கு இரு முழம் அப்பால் அது நின்றது.

வெண்கோதை ஓடிவந்து என்னை எழுப்பினாள். பின்பு மன்னரை வணங்கி, "அமைச்சர் ஆணையை மீறினேன். தண்டம் எதுவாயினும் ஏற்பேன், விதியை மட்டும் என் கையால் எடுக்கமாட்டேன்" என்றாள். கனமழையில் எந்திரத்தின் பார்வை மங்கும், அப்போது விதியும் காவாது என்பதையும் மறையாது உரைத்தாள். தன் ஆய்வின் குறையைத் தானே அவையறியச் சொன்னவளைத் தண்டிக்க மன்னர் ஒப்பவில்லை. அவள் எனக்குப் பணிந்திருந்தால் இவ்வோலையை வேறொருவர் எழுதியிருப்பார் என்பதை யான் நினையாத நாளில்லை.

ஆதலின், எந்திரம் விதியோடே வரும். வெண்கோதையும் உடன் வருவாள். அவள் நிறுத்துக என்றால் நும் சொல்லும் என் சொல்லும் செல்லா. மழை தொடங்கின் எந்திரப்பணி நிற்க. அதற்குள் கரை முடியாது. ஆகவே தாழ்நிலத்து ஏழூர் மக்களையும் ஆநிரையோடு இன்றே தொடங்கி மழைக்கு முன் மேட்டுக்கு ஏற்றுக. அவர்தம் வீடுகள் மூழ்கின் அப்பழி நும்மையோ அவளையோ சாராது. யானே அங்கு வந்து அவர்களுக்கு விடை சொல்வேன்.

மன்னர் திருமுன் படித்து, நாரை இலச்சினை பொறித்தது. ஓலை கண்ட பொழுதே செய்க.