ஓட்டலில் ஆளுக்கு ஓர் இலை

பிப்ரவரி 4, செவ்வாய்

கொத்தமல்லி மூட்டைகளை விருதுநகர் மண்டிக்குக் கொண்டுபோனேன். கூட மச்சினன் பாண்டிமுருகன். இறக்க நேரமாகும் என்றார்கள். நேரமானால் மனிதன் சாப்பிடத்தானே வேண்டும்? எண்ணெய் பரோட்டா நாலு, சுக்கா ஒன்று. சுக்காவில் மிளகு குறைவு. மாஸ்டரைக் கூப்பிட்டே சொல்லிவிட்டேன். நாலு ஊரில் சாப்பிட்ட நாக்கு சும்மா இருக்குமா?

வீட்டுக்கு வந்தால் மூக்கம்மாள் கம்பங்கூழை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், இன்னும் ருசி என்றால் என்னவென்று தெரியாதவள். "இதக் கொண்டுபோயி கோழிக்கு ஊத்து" என்றேன். ஊற்றினாள். கோழி குடித்தது.

பிப்ரவரி 6

வயிறு சரியில்லை. வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

கிணற்று மோட்டாருக்குச் சாமான் வாங்க மதுரைக்குப் போவதாக வீட்டில் சொன்னேன். மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் இல்லை. தாயில்பட்டிப் பக்கத்துச் சனத்தையெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன் விடியலிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனாலென்ன, மூக்கம்மாள் எடுப்பாள்.

மதுரையில் பாரம்பரிய உணவுத் திருவிழா. பாண்டிமுருகன்தான் துப்புக் கொடுத்தான். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, கையகல மண்கலயத்தில் வாங்கினேன் – கம்பங்கூழ். மேலே ஒரு மோர்மிளகாய். கொடுத்த பிள்ளை, "அங்கிள், இதுக்குப் பேரு கம்பு. உடம்புக்கு ரொம்ப நல்லது" என்று விளக்கியது. என் நிலத்தில் இரண்டு ஏக்கர் கம்பு நிற்பதை நான் சொல்லவில்லை. பின்னால் படித்த ஆட்கள் நின்றார்கள். "அப்படியாம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

அபாரமான ருசி. இன்னொரு முறை வரிசையில் போய் நின்றேன். பாண்டிமுருகன் படம் எடுத்தான்.

பிப்ரவரி 9

அந்தக் கூறுகெட்ட பயல் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டான். நான் கலயத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மூக்கம்மாள் போனை என் முன்னால் நீட்டினாள்.

"கோழி குடிச்சதுதான இது?"

"அது வேற பக்குவம்."

போனை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மேற்கொண்டு பேசியிருந்தால் தக்க பதில் வைத்திருந்தேன். மோட்டாருக்கு என்ன சாமான் வாங்கினேன் என்றும் கேட்கவில்லை. அதற்குத்தான் பதில் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையில் அடுப்பு பற்றவில்லை. மூக்கம்மாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "இருக்கன்குடிக்குப் போயிட்டு வாரேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். மாரியம்மனுக்கு முன்னால் புருஷன் என்ன சொல்ல முடியும்? பழைய சோற்றைத் தேடி எடுத்தேன். ஊறுகாய் எங்கே இருக்கிறதென்று கடைசிவரை தெரியவில்லை.

நாலு மணிக்குத் திரும்பினாள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாத்தூர்ல எறங்கி ஓட்டல்ல சாப்பிட்டேன்."

"ஒத்தையிலயா?"

"ஓட்டல்ல ஆளுக்கு ஒரு எலதான போடுறாக."

சேலையை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "எலயப் போட்டுட்டு, என்ன வேணும்மான்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. முழிச்சிக்கிட்டு இருந்தேன். பெறகு அவனே சாப்பாடு கொண்டாந்து வச்சான்."

இதற்கும் ஏதாவது கேலியாக எழுதலாமென்று உட்கார்ந்தேன். வரவில்லை.

அவளை எந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்? மகள் நாகஜோதி கல்யாணத்துக்குச் சிவகாசியில் ஜவுளி எடுக்கப் போனோமே – இல்லை, அன்றைக்கு அவள் துணிப் பைகளுக்குக் காவலாக வேனிலேயே இருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டு இரண்டு இட்லி கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். சட்னி வாங்க மறந்துவிட்டேன். அவளுக்குப் பிடித்தது என்ன? கத்திரிக்காயா? அது எனக்குப் பிடித்தது. ச்சை, என்ன மனுசன்டா நீ.

பிப்ரவரி 13

இன்று சமைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். "மோட்டார் ஓடுதான்னு பாரு" என்று வந்தது.

பிப்ரவரி 15, சனி

"நாளைக்குக் கெளம்பு. விருதுநகர் போவோம்."

"லோடு இருக்கா?"

"இல்ல."

"யாருக்கும் ஒடம்பு சரியில்லயா?"

"சாப்பிடத்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். ராத்திரி நாகஜோதிக்குப் போன் போட்டு, அப்பா ஒரு மாதிரி இருக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடையில் அப்படிக் கூட்டம். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில், "நாலு பரோட்டா, ரெண்டு சுக்கா" என்றுவிட்டேன். பரிமாறுகிறவர் திரும்பி நடந்தார். மூக்கம்மாள் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அவர் தோளைத் தட்டி, "எனக்கு மட்டும் போதும். அங்கன என்ன வேணும்னு கேளுங்க" என்றேன்.

அவள் சுவரில் இருந்த பட்டியல் பலகையை மேலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். பரிமாறுகிறவர் ஒரு காலை மாற்றி நின்றார். பிறகு வேறு மேசைக்குப் போய்விட்டு வந்தார். அவள் இன்னும் பாதிப் பலகையைத் தாண்டவில்லை. என் பரோட்டா வந்து ஆறிக்கொண்டிருந்தது. நான் தொடவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடிக்க நின்ற ஒருவர் பொறுமையிழந்து குனிந்தார். "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சுன்னா எந்திரிக்கலாம்லா?"

"இல்ல தம்பி" என்றேன். "இன்னும் பலகையப் பாத்துக்கிட்டு இருக்காக."