மிளகு மூட்டை இருந்த அறை

ஐப்பசி, புதன் இரவு.

அரசாங்கம் கட்டித்தந்த கழிப்பறையில் இத்தனை நாளும் மிளகு மூட்டைகளைத்தான் அடுக்கியிருந்தோம். தண்ணீர் இல்லாத அறை வேறு எதற்கு ஆகும்? இன்று அரசுப் பணத்தில் போட்ட குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நானே மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டேன். வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஏம்புள்ள, மொளவ எங்க வெக்கறது?”

“கட்டிலுக்கு அடியில வெச்சுக்கலாங்க. இருட்டுல, மழையில, குடையப் புடிச்சுக்கிட்டு இனி என்னால காட்டுப்பக்கம் ஒதுங்க முடியாதுங்க.”

அவர் முறைத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கினார். மூட்டையெல்லாம் இப்போது கட்டிலுக்கு அடியில். நெடியில் தும்மிக்கொண்டே எழுதுகிறேன். எலி வராமல் இருக்க வேண்டும். வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

முறைத்துக்கொண்டிருந்தவர்தான் முதல் ஆளாக உள்ளே போனார். வெகுநேரமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. எனக்கும் அவசரம். போய்க் கதவைத் தட்ட வேண்டும்.