பொம்மையின் நெஞ்சில் வந்த சத்தம்

செப்டம்பர் 3

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம்.

அப்பாவுக்கு இதயத்தில் இருந்த அடைப்பை எடுத்த பிறகு, அம்மா இன்றுதான் மறுபடி பிஸ்கட் ஆலைக்கு இரவு வேலைக்குப் போனாள். என்னை நம்பித்தான். பள்ளியில் முதலுதவிச் சான்றிதழ் வாங்கியவள் ஆயிற்றே நான். மூச்சும் துடிப்பும் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைக்கத் தெரிந்தவள். அப்பா அந்தச் சான்றிதழைக் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்.

"தைரியமா போ. வீட்லயே டாக்டர் இருக்கா, பீஸும் கேக்க மாட்டா."

"டாக்டரம்மா மொதல்ல சாப்பிட்ட தட்டக் கழுவட்டும்," என்றாள் அம்மா.

எனக்கும் அப்பாவுக்கும் ஓர் ஏற்பாடு. வெந்நீர் மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் என் அறைக்கதவை மோதிரம் படும்படி விரலால் தட்டுவார். நிஜமாகவே முடியவில்லை என்றால் உள்ளங்கையால் அடிப்பார். "அந்தச் சத்தம் உனக்குக் கேக்கவே கேக்காது பாரு," என்று சிரித்தார்.

செப்டம்பர் 5

மோதிரம். வெந்நீர்தான்.

செப்டம்பர் 9

சமையலறையில் அப்பா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகெல்லாம் ஈரம். "வாயு, கண்ணு. அம்மாகிட்ட சொல்லிடாத. வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துடுவா." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

வாயுவுக்கு இப்படியா வேர்க்கும்?

செப்டம்பர் 14

சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்க, அவ்வப்போது பொம்மையை அழுத்திக் காட்ட வேண்டும். பள்ளிப் பொம்மை கிழிந்துவிட்டது என்று இந்த முறை தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

ஆழம் சரியாக இருந்தால் பொம்மையின் நெஞ்சுக்குள் 'டிக்' என்று கேட்கும். அழுத்தினேன். கேட்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன்.

"என்னம்மா, தட்டித் தூங்கவைக்கிறியா? எழுப்பணும்!" என்றார் பயிற்சி கொடுக்கும் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து, குண்டூசி என்று நாங்கள் கூப்பிடும் என் வகுப்புத் தோழி அழுத்தினாள். அவளுக்கும் கேட்கவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிப் பொம்மையில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. லேசாக அழுத்தினாலே டிக். "சத்தம் வந்துச்சா? பாஸ். அடுத்த ஆளு," என்பார் விளையாட்டு மாஸ்டர். நாங்கள் சத்தத்துக்குத்தான் பழகியிருக்கிறோம், நெஞ்சுக்கு இல்லை.

அப்படியென்றால் இத்தனை ராத்திரியும் அப்பா யாரை நம்பித் தூங்கினார்?

செப்டம்பர் 15

சான்றிதழைக் கழற்றப் போனேன். "தூசியா இருக்கா? குடு," என்று அப்பாவே வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டார். ஆணி அடித்த இடத்தை ஒரு தடவை தடவியும் பார்த்தார்.

செப்டம்பர் 18

தலையணையில் பழகுகிறேன். தலையணை ஒன்றும் சொல்லாது.

செப்டம்பர் 21

மறுபடி தீயணைப்பு நிலையம். பாஸ். இந்தத் தடவை நிஜமாக. முழங்கையை மடக்காமல் உடம்புப் பாரத்தை எல்லாம் இறக்கினால்தான் டிக் வருகிறது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"இப்ப சரி. ஆனா ஒத்த ஆளா ரொம்ப நேரம் தாங்காது," என்றார் அக்கா. "மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன், ஸ்பீக்கர்ல போட்டுட்டு அழுத்து. அப்புறம், நெஞ்சுவலின்னா விழற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. புரியுதா?"

விழுகிற வரைக்கும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் காதில்.

ஓடி வந்தேன். அம்மா கிளம்பிப் போயிருந்தாள். ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பா சாப்பிடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா" என்றேன். "வாயுதான்டி, போய்ப் படு."

சத்தியம் போனால் போகட்டும். காலையில் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டேன். படுக்கவைக்க இடம் வேண்டும். வாசல் கதவைத் தாழிடவில்லை. என் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், போன் மடியில் இருக்கிறது.

விடிந்தால் போதும். விடிந்துவிட்டால்

கதவு. மோதிரம் இல்லை