திக்குவாய்த் தபால்காரன்

1964 ஆகஸ்ட் 9, ஞாயிறு

வானொலியில் வாராவாரம் வரும் நகைச்சுவை நாடகத்தில் திக்குவாய்த் தபால்காரனாகப் பேசுகிறவன் நான்தான் என்று மாத்தளையில் யாருக்கும் தெரியாது. இரண்டு நிமிட வேடம். அந்தக் குரலைத் தேயிலைத் தோட்டத்து மரியதாஸிடமிருந்து எடுத்தேன் என்பதும் தெரியாது.

இன்று மாதா கோயில் பூசை முடிந்து, நான் இருந்த இரத்தோட்டை பஸ்ஸில் தன் மகளோடு ஏறிய மரியதாஸ் டிக்கெட் கேட்டார். "ர... ர... ரத்தோட்ட ரெண்டு."

கொண்டக்டர் உடனே என் தபால்காரனைப் போல, "க... க... கடுதாசி வந்திருக்குங்கோ!" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். மகள் தகப்பனை விட்டு விலகிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரே... ரேடியோவுல ஒருத்தர் என்னைய மாதிரியே பேசுறாராமே சார். கேட்டிருக்கீங்களா?"

"ஒண்ணு ரெண்டு தடவ."

"பாவம், அ... அவருக்கும் வாய் இழுக்கும் போல. அப்புடியும் நாடே கேக்கப் பேசுறாரே! மககிட்ட அதத்தான் சொல்லி வச்சிருக்கேன். தை... தைரியமான மனுசன், இல்லீங்களா சார்?"

"ஆமாங்க" என்றேன். உண்மையைச் சொல்ல அரை மணி நேரப் பயணம் இருந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை கொழும்பில் ஒலிப்பதிவு. சனங்களுக்குப் பிடித்துவிட்டதாம், இந்தமுறை தபால்காரனுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். 'தைரியம்' என்று சொல்ல அவர் பட்ட பாடு காதிலேயே இருந்தது. அதை அப்படியே செய்தேன்.

நன்றாக வந்தது.